ஜான் பன்யன்: சிறு சபையின் பெருங்குரல்

ஆங்கில உரைநடையின் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் விலக்கிச் செல்ல இயலாத பெயர் ஜான் பன்யன். பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதிக்காதவர். ஓட்டைப் பாத்திரங்களுக்கு ஒட்டுப்போட்டுப் பிழைத்தவர். வாழ்நாளில் பன்னிரண்டு ஆண்டுகளைச் சிறையில் கழித்தவர். அவர் எழுதிய நூலொன்று, தமிழ்க் கிறிஸ்தவ இல்லங்களில் மோட்சப் பிரயாணம் என்று வழங்குவது, உலகின் இருநூறுக்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டுள்ளது. இத்தகைய ஒருவருக்கு அந்த மொழிவளம் எங்கிருந்து வாய்த்தது என்னும் வினாவுக்கு, விவிலியத்திலிருந்து என்பதே வழக்கமாகத் தரப்படும் விடை. அது உண்மைதான், எனினும் முழு உண்மை ஆகாது. விவிலியத்தை அவர் நாவில் வாழும் பேச்சாக மாற்றித் தந்தது ஏழை எளியோர் கூடிய ஒரு சிறு சபை. அச்சபையின் கதையைச் சொல்லாமல் பன்யனின் கதையைச் சொல்லி முடிக்க இயலாது.

எல்ஸ்டோவின் இளைஞர்

இங்கிலாந்தின் பெட்போர்டு மாவட்டத்தில், ஊஸ் ஆற்றங்கரையில் அமைந்த பெட்போர்டு நகருக்கு ஒரு மைல் தெற்கே உள்ளது எல்ஸ்டோ என்னும் சிற்றூர். அங்கே 1628ஆம் ஆண்டு பன்யன் பிறந்தார். தந்தை தாமஸ், பித்தளை, செம்புப் பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலாளி. மகனைச் சிறிது காலம் பள்ளிக்கு அனுப்பி, எழுத்தும் வாசிப்பும் கைவந்தபின் தம் தொழிலிலேயே பழக்கினார். சுத்தியலும் பட்டடையுமாகப் பன்யன் ஊரூராகச் சென்று வந்தார். அவர் பெயர் பொறித்த இரும்புப் பட்டடை ஒன்றும், அவரே செய்தது என்று கருதப்படும் இரும்பு வயலின் ஒன்றும் இன்றளவும் காக்கப்பட்டு வருகின்றன.

1644ஆம் ஆண்டு அவருக்குக் கொடிய ஆண்டாக அமைந்தது. ஜூன் மாதம் தாய் இறந்தார். அடுத்த மாதமே தங்கை இறந்தாள். சில வாரங்களில் தந்தை மறுமணம் செய்துகொண்டார். அப்போது மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. பதினாறு வயதுப் பன்யன் பாராளுமன்றப் படையில் சேர்ந்து, நியூபோர்ட் பாக்னல் என்னும் ஊரின் காவற்படையில் 1647 வரை பணியாற்றினார். ஒரு முற்றுகைக்கு அவர் செல்லவேண்டியிருந்தபோது வேறொரு வீரர் அவருக்குப் பதிலாகச் சென்று, காவலில் நின்றபோது தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். தமக்குரிய சாவை இன்னொருவர் ஏற்றார் என்ற நினைவு பன்யனை இறுதிவரை விட்டு அகலவில்லை.

ஊர் திரும்பிய சில காலத்தில் மணம் நிகழ்ந்தது. மணமகளின் பெயர்கூட வரலாற்றில் எஞ்சவில்லை. இருவர் வீட்டிலும் தட்டோ கரண்டியோ இல்லாத வறுமை. அப்பெண் தந்தை வீட்டிலிருந்து கொண்டுவந்த சீதனம் இரண்டு பக்தி நூல்கள் மட்டுமே. 1650இல் பிறந்த மூத்த மகள் மேரிக்குக் கண்பார்வை இல்லை.

அந்நாட்களில் பன்யனுக்கு நடனத்திலும் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுகளிலும் ஆலய மணியடிப்பதிலும் பெருவிருப்பம். பின்னர் மனச்சான்று உறுத்த, மணியடிப்பதை நிறுத்தினார். ஆயினும் கோபுரத்தின் கீழ்ச் சென்று பார்த்துக்கொண்டு நிற்பார். மணி தன்மீது விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் எழுந்தது. உத்தரத்தின் கீழ் ஒதுங்கினார். பக்கச் சுவரில் மோதித் தெறித்து விழுமே என்று தோன்றியது. வாசற்படியில் நின்றார். கோபுரமே சரிந்தால் எங்கே போவது என்ற எண்ணம் எழ, ஓடிவிட்டார். தம் மனத்தின் நடுக்கத்தை இவ்வாறு அடி அடியாகப் பின்தொடர்ந்து காணும் திறமே பிற்காலத்தில் அவரை எழுத்தாளராக்கியது.

வெயிலில் அமர்ந்த பெண்கள்

ஒருநாள் தொழில் நிமித்தமாகப் பெட்போர்டின் தெரு ஒன்றில் சென்றுகொண்டிருந்தார். ஒரு வீட்டு வாசலில் மூன்று நான்கு ஏழைப் பெண்கள் வெயிலில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தனர். சமயம் பற்றிச் சரளமாகப் பேசுவதில் தம்மை வல்லவராக எண்ணியிருந்த பன்யன், தாமும் கலந்துகொள்ளலாம் என்று நெருங்கினார். அங்கே அவருக்குச் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அப்பெண்கள் தங்கள் உள்ளத்தில் நிகழ்ந்த மாற்றத்தையும், தாங்கள் பட்ட கலக்கத்தையும், பெற்ற ஆறுதலையும் இயல்பாகப் பேசினார்கள். உபதேசச் சொற்கள் இல்லை, வாதம் இல்லை, மகிழ்ச்சி அவர்களைப் பேசவைத்தது போலிருந்தது. புதியதோர் உலகத்தைக் கண்டுவந்தவர்களின் பேச்சாக அது அவருக்குப் பட்டது.

அதன்பின் அவருக்கு ஒரு காட்சி தோன்றியது. ஓர் உயர்ந்த மலையின் வெயில் விழும் பக்கத்தில் அப்பெண்கள் அமர்ந்து குளிர்காய்கிறார்கள். பன்யனோ பனியிலும் இருளிலும் நடுங்கிக்கொண்டு இப்புறம் நிற்கிறார். நடுவே ஒரு மதில். அதில் மிகக் குறுகலான ஓர் இடைவெளி. தலையை நுழைத்து, தோளை நுழைத்து, இறுதியில் உடல் முழுவதையும் நுழைத்து அப்பக்கம் சேர்கிறார். ஒடுக்கமான வாயில், கடினமான வழி, அப்பால் ஒளியும் துணையும் என்று பிற்காலத்தில் அவர் எழுதிய பெருங்கதையின் வித்து முழுவதும் இக்காட்சியில் அடங்கியிருக்கிறது.

பன்னிருவர் தொடங்கிய சபை

அப்பெண்கள் சேர்ந்திருந்த சபை 1650இல் பன்னிரண்டு பேரைக் கொண்டு தொடங்கப்பட்டது. அதன் முதல் போதகர் ஜான் கிஃபர்டு. இவருடைய கதையே ஒரு தனிக் காவியத்துக்குப் போதும். உள்நாட்டுப் போரில் மன்னர் தரப்புப் படையில் மேஜராக இருந்தவர். 1648இல் மெய்ட்ஸ்டோன் போரில் பிடிபட்டு மரணதண்டனை விதிக்கப்பட்டவர். தண்டனைக்கு முந்திய இரவு அவரைக் காண வந்த சகோதரி, காவலர்கள் உறங்கிக் கிடக்கக் கண்டு தப்பியோடச் செய்தாள். வயல்வெளிப் பள்ளமொன்றில் மூன்று நாள் ஒளிந்திருந்து, பின் பெட்போர்டு வந்து மருத்துவம் செய்தார். குடியிலும் சூதிலும் மூழ்கிக் கிடந்தார். ஓரிரவு சூதாட்டத்தில் பெருந்தொகையை இழந்த மனவேதனையில் ஒரு சமய நூலை எடுத்து வாசித்தவர், முற்றிலும் வேறு மனிதரானார். அவர் யாரை முன்பு பகைத்துத் துன்புறுத்தினாரோ அந்த எளிய மக்களே அவரைத் தங்கள் போதகராக ஏற்றனர்.

கிஃபர்டின் சபைக்கு ஒரு தனி இயல்பு உண்டு. விசுவாசித்தபின் நீரில் மூழ்கி ஞானஸ்நானம் பெறுவதே முறை என்பது பாப்டிஸ்டுகளின் கொள்கை. பெட்போர்டுச் சபையினர் அம்முறையைப் போற்றினர். ஆனால் அதை வாயிற்கதவாக வைக்கவில்லை. விசுவாசமும் தூய வாழ்வும் இருந்தால் போதும். நீர் பற்றிய கருத்து வேறுபாட்டுக்காக எவரையும் வெளியே நிறுத்துவதில்லை என்று துணிந்தனர். 1655இல் மரணப்படுக்கையில் கிஃபர்டு சபைக்கு எழுதிய கடிதத்திலும் ஞானஸ்நானம் முதலிய புறமுறைகளை முன்னிட்டுப் பிரிந்துபோக வேண்டா என்றே வேண்டியிருந்தார்.

சபையில் சேர விரும்புவோர் தம் அகவாழ்வின் கதையைச் சபையார் முன் சொல்லவேண்டும் என்பது அக்காலத்து இத்தகைய சபைகளின் வழக்கம். கல்வியறிவற்ற பணிப்பெண்ணும் தோல் பதனிடுபவரும் எழுந்து நின்று, தாம் விழுந்ததையும் எழுந்ததையும் தம் சொந்தச் சொற்களில் எடுத்துரைத்தனர். அலங்காரத்துக்கு அங்கே மதிப்பில்லை, உண்மைக்கே மதிப்பு. பன்யன் பயின்ற இலக்கியப் பள்ளி இதுவே. 1650களின் நடுவில் இச்சபையில் சேர்ந்த அவர், சில ஆண்டுகளிலேயே சுற்றுச் சிற்றூர்களின் களங்களிலும் கொட்டகைகளிலும் பிரசங்கிக்கத் தொடங்கினார். பாத்திரம் செப்பனிடுபவரின் பேச்சைக் கேட்க மக்கள் திரண்டனர்.

பேசாதிருக்க மறுத்தவர்

1658இல் மனைவி நான்கு சிறு குழந்தைகளை விட்டு இறந்தார். மறுவருடம் எலிசபெத் என்னும் இளம்பெண்ணைப் பன்யன் மணந்தார். 1660இல் முடியாட்சி மீண்டது. அதுவரை புனித யோவான் ஆலயத்தில் கூடிவந்த சபை அதை இழந்து வீடுகளுக்கும் வயல்களுக்கும் ஒதுங்கியது. அரசுத் திருச்சபைக்கு வெளியே கூடுவது குற்றமாகக் கருதப்பட்டது.

1660 நவம்பர் 12ஆம் நாள் ஹார்லிங்டன் அருகே லோயர் சாம்செல் என்னும் குக்கிராமத்தில் பன்யன் பேசவேண்டியிருந்தது. அவரைக் கைது செய்ய ஆணை பிறந்துவிட்டது என்ற செய்தி முன்னதாகவே வந்தது. கூட்டத்தைக் கலைத்துவிடலாம் என்றார் நண்பர். பன்யன் வெளியே வயலில் உலாவியபடி சிந்தித்தார். வலிமையாகப் பிரசங்கித்தவர் சோதனை வந்ததும் ஓடினால், புதிதாக நம்பிக்கை கொண்ட எளியவர்கள் என்னாவார்கள் என்று எண்ணினார். திரும்பிவந்து கூட்டத்தைத் தொடங்கினார், கைதானார்.

1661 ஜனவரியில் வழக்கு நடந்தது. மூன்று மாதச் சிறை. அதன்பின்னும் பணியாவிட்டால் நாடுகடத்தல் என்று தீர்ப்பாயிற்று. நாடுகடத்தல் நிறைவேறவில்லை, மூன்று மாதம் பன்னிரண்டு ஆண்டுகளாக நீண்டது. இதில் சிந்திக்கத்தக்கது ஒன்று உண்டு: சிறையின் சாவி ஒருவகையில் பன்யனின் கையிலேயே இருந்தது. இனிப் பிரசங்கிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டால் வீடு செல்லலாம். நல்லெண்ணத்தோடு வந்து பலரும் இதை எடுத்துரைத்தனர். அவர் இணங்கவில்லை.

அதற்கான விலையை அவர் மட்டும் செலுத்தவில்லை. கணவர் கைதான செய்தி கேட்ட அதிர்ச்சியில் எலிசபெத்துக்குக் குறைப்பிரசவம் ஆகிக் குழந்தை இறந்தது. தாம் பெறாத நான்கு குழந்தைகளைக் காத்துக்கொண்டு, பிறர் உதவியால் வாழ்ந்த அப்பெண், 1661 ஆகஸ்டில் பெட்போர்டுக்கு வந்த நீதிபதிகளின் முன் தாமே சென்று நின்றார். நீதிபதி மாத்யூ ஹேல் பரிவுடன் கேட்டார், உடனிருந்தோர் சினந்தனர். தம் கணவர் பாத்திரம் செப்பனிடும் ஏழை என்பதாலேயே அவருக்கு நீதி கிட்டவில்லை என்று எலிசபெத் அஞ்சாமல் எடுத்துரைத்தார். பயனில்லாமல் கண்ணீருடன் திரும்பினார். அன்று அந்த அவையில் நின்றது பெட்போர்டுச் சபையின் குரல் என்றே கொள்ளவேண்டும்.

சிறையில் பன்யன் நாடாக்களுக்கு உலோக முனை பொருத்தி விற்றுக் குடும்பத்துக்கு அனுப்பினார். குழந்தைகளைப் பிரிவது எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பது போலிருந்ததென எழுதியுள்ளார். எல்லாரையும்விடப் பார்வையற்ற மேரியின் நினைவே அவரை வாட்டியது. தம் வீட்டை மனைவி மக்கள் தலைமேல் தாமே இடித்துத் தள்ளுவதாக அவருக்குத் தோன்றியது. இடித்துத் தள்ளியேயாக வேண்டும் என்றும் தோன்றியது. இவ்விரண்டுக்கும் நடுவிலேயே அவர் அந்த ஆண்டுகளைக் கழித்தார். மேரி தந்தைக்கு முன்பே இறந்துபோனாள்.

விவிலியமும் கிறிஸ்தவ இரத்தசாட்சிகளின் வரலாற்று நூல் ஒன்றும் அவருடைய சிறை நூலகம். 1666இல், பாவிகளில் பெரியவனுக்குப் பெருகிய கிருபையை உரைக்கும் தன்வரலாறு வெளிவந்தது. சபையார் முன் எழுந்து நின்று கதை சொல்லும் வழக்கத்தின் எழுத்து வடிவமே இந்நூல். சபைக்கு வரமுடியாத நிலையில், சபைக்குச் சொல்ல வேண்டியதை எழுதி அனுப்பினார்.

சபையின் நிலையும் எளிதாக இல்லை. 1660களின் நடுவே சில ஆண்டுகள் அதன் பதிவேட்டில் எதுவும் எழுதப்படவில்லை. அடக்குமுறையின் கொடுமையை அந்த வெற்றுத்தாள்களே சொல்லும். 1670ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கூட்டத்துக்கு வந்தவர்களிடமிருந்து அபராதத்துக்கு ஈடாகப் பாத்திரங்களும் தொழிற்கருவிகளும் பறிக்கப்பட்டன. ஆயினும் 1672 ஜனவரியில் அச்சபை, சிறையில் இருந்த பன்யனையே தன் போதகராகத் தேர்ந்தெடுத்தது.

களஞ்சியமும் கனவுக்கதையும்

1672இல் மன்னர் இரண்டாம் சார்லஸ் விடுத்த சலுகை அறிவிப்பால் பன்யன் விடுதலையானார். அவ்வாண்டே ஒரு பழத்தோட்டத்தில் நின்ற தானியக் களஞ்சியத்தை 50 பவுனுக்கு வாங்கிச் சபை கூடியது. சுற்றுச் சிற்றூர்களில் இருந்த கிளைக் கூட்டங்களுக்குப் பன்யன் குதிரைமீது சென்று வந்தார். 1674இல் எட்வொர்த் கிராமத்து இளம்பெண் ஆக்னஸ் போமான்ட், காம்லிங்கே என்னும் ஊரில் நடந்த கூட்டத்துக்குப் பன்யனின் குதிரையில் பின்னால் அமர்ந்து சென்றாள். சினந்த தந்தை அவளை வீட்டுக்கு வெளியே குளிரில் நிறுத்திக் கதவடைத்தார். சில நாளில் அவர் திடீரென இறக்க, மகள் நஞ்சிட்டாள் என்றும் பன்யன் உடந்தை என்றும் பழி எழுந்தது. விசாரணையில் அது பொய்யென்று தெளிந்தது. ஒரு கூட்டத்துக்குச் செல்வது அந்நாளில் ஒரு கிராமத்துப் பெண்ணின் உயிரையே பணயம் வைப்பதாக இருந்தது.

இதனிடையே இலண்டன் பாப்டிஸ்டுத் தலைவர்கள் பெட்போர்டின் திறந்த வாயிலைக் கண்டித்தனர். சிலர் பன்யனின் தாழ்ந்த தொழிலையும் இகழ்ந்தனர். 1673இல் வெளியிட்ட நூலில் அவர், நீர் ஞானஸ்நானம் பற்றிய வேறுபாடு திருவிருந்து உறவுக்குத் தடையாகாது என்று வாதிட்டார். பிரிவுப் பெயர்கள் எதையும்விடக் கிறிஸ்தவர் என்னும் பெயரே தமக்குப் போதும் என்றார். இறந்த கிஃபர்டின் கடிதம் அவர் வழியாக உயிர்பெற்றுப் பேசியது.

சலுகை அறிவிப்பு விரைவில் பறிக்கப்பட்டது. 1676–77இல் மீண்டும் சுமார் ஆறு மாதச் சிறை. பெரும்பகுதி சிறையில் உருவாகிய கனவுக்கதையை அச்சிடலாமா என்று அவர் நண்பர்களிடம் கேட்டார். சிலர் அச்சிடச் சொன்னார்கள். சிலர் வேண்டா என்றார்கள். கற்பனைக் கதை சமயப் பொருளுக்குத் தகுமா என்பது அவர்கள் ஐயம். இரு சாராரையும் கேட்டபின் பன்யன் அச்சிடத் துணிந்தார். இவ்விவாதத்தை நூலின் முகப்பில் செய்யுளாகவே எழுதி வைத்தார். 1678இல் இலண்டனில் நதானியேல் பாண்டர் வெளியிட்ட அந்நூல், பன்யனின் வாழ்நாளிலேயே பதினொரு பதிப்புகளைக் கண்டது.

முதுகில் சுமையுடன் அழிவின் நகரைவிட்டு ஓடும் ஒரு மனிதனின் கதை அது. அவநம்பிக்கைச் சேறு, மாயச் சந்தை, ஐயக் கோட்டை என்று வழியெங்கும் இடர்கள். சேறு பெட்போர்டு நாட்டுப்புறப் பாதையின் சேறு. சந்தையில் நடக்கும் பொய்வழக்கு அவர் நேரில் கண்ட வழக்குமன்றம். உருவகம் என்பது கருத்துக்குச் சட்டை மாட்டுவதாக அன்றி, கண்ட உலகத்தையே கருத்தாக்குவதாக அவர் கையில் அமைந்தது.

முரணும் முதிர்வும்

பன்யனின் வாழ்வில் ஒரு முரண் உண்டு. அதை மறைப்பது முறையன்று. 1683இல் சபைப் பெண்கள் தனியே கூடி ஜெபிக்கும் வழக்கத்தை எதிர்த்து அவர் ஒரு நூல் எழுதினார். வாசலில் தனியே கூடிப் பேசிய பெண்களிடம் தம் வாழ்வின் திருப்பத்தைப் பெற்றவர், பெண்கள் தனியே கூடுவது தகாது என்று வாதிட்டார். அவர் காலத்தின் எல்லை அது என்று கூறலாம். ஆனால் அவருக்கு வழிகாட்டியதும் அக்காலத்துப் பெண்களே அல்லவா?

மறுவருடம், 1684இல், மோட்சப் பிரயாணத்தின் இரண்டாம் பாகம் வெளிவந்தது. முதற்பாகத்தில் கதைத்தலைவன் காதுகளில் விரலை வைத்துக்கொண்டு மனைவி மக்களை விட்டு ஓடினான். இரண்டாம் பாகத்தில் அம்மனைவி கிறிஸ்டியானா, பிள்ளைகளையும் அயல்வீட்டுப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு அதே வழியில் புறப்படுகிறாள். பெருநெஞ்சர் என்னும் காவலர் துணை வருகிறார். போகப் போகக் கூட்டம் பெருகுகிறது. ஊன்றுகோல்களில் நடப்பவர், உளந்தளர்ந்தவர், சோர்வுற்ற முதியவர், எதற்கும் அஞ்சும் அவர் மகள் எனப் பலர் சேர்கின்றனர். தளர்ந்தவர் தாம் தடையாவோம் என்று பின்வாங்கும்போது, அவருக்காகக் காத்து நடப்போம், அவர் மனம் நோகும் வாதங்களை விட்டுவிடுவோம் என்று பெருநெஞ்சர் உறுதி தருகிறார். வலியவர் மெலியவரின் நடைக்குத் தம் நடையை அளந்துகொள்ளும் இப்பயணம் பெட்போர்டுச் சபையின் சித்திரமே.

முடிவில் ஒவ்வொருவராக ஆற்றைக் கடக்கின்றனர். ஊன்றுகோல்காரர் கோல்களைக் கரையில் விடுகிறார். அஞ்சிய பெண் பாடிக்கொண்டே ஆற்றில் இறங்குகிறாள். அவள் பாடியது என்னவென்று கரையில் நின்ற எவருக்கும் விளங்கவில்லை. வாதநூலில் பெண்களுக்கு மறுத்த இடத்தைக் கதையில் பன்யன் தாமறியாமலே திருப்பித் தந்தார் போலும்.

இறுதிப் பயணம்

மீண்டும் சிறை வரலாம், உடைமைகள் பறிபோகலாம் என்று அஞ்சி, 1685இல் தம் உடைமை முழுவதையும் மனைவி எலிசபெத்தின் பெயருக்கு எழுதிவைத்தார். அப்பத்திரம் மறைத்து வைக்கப்பட்டு, 1838இல் வீடு இடிக்கப்பட்டபோதுதான் வெளிப்பட்டது. 1686இல் சிறுவர்களுக்காகக் கவிதை நூல் ஒன்றும் வெளியிட்டார்.

1688 ஆகஸ்டில், பிணங்கியிருந்த ஒரு தந்தையையும் மகனையும் இணக்குவதற்காக ரெடிங் நகருக்குச் சென்றார். இணக்கிவிட்டு மழையில் நனைந்தபடி குதிரையில் இலண்டன் வந்து, ஸ்னோ ஹில்லில் நண்பர் ஒருவர் இல்லத்தில் தங்கினார். காய்ச்சல் கண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் மறைந்தார். பன்ஹில் பீல்ட்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். திருச்சபைக்கு வெளியே கூடி வழிபடும் உரிமையை அளித்த சட்டம் மறுவருடம், 1689இல், நிறைவேறியது. அதைக் காண அவர் இல்லை.

களஞ்சியம் நின்ற இடத்தில் 1707இல் கூட்டமண்டபமும், 1850இல் இன்றுள்ள ஆலயமும் எழுந்தன. 1876இல் பொருத்தப்பட்ட வெண்கலக் கதவுகளில் மோட்சப் பிரயாணக் காட்சிகள் வார்க்கப்பட்டுள்ளன. எவரையும் வெளியே நிறுத்தாத சபைக்குக் கதவே கதையாக அமைந்தது பொருத்தமே.

தமிழில் அக்கதை இருவழியாக வந்தது. உரைநடைப் பெயர்ப்புகள் வீட்டுத் திண்ணைகளில் வாசிக்கப்பட்டன. நெல்லைச் சீமையின் கரையிருப்பில் 1827இல் பிறந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை அதை 3,700க்கும் மேற்பட்ட பாக்களில் இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியமாக்கி 1894இல் வெளியிட்டார். பாத்திரம் செப்பனிடுபவரின் கதை கம்பரின் விருத்த ஓசையில் நடைபோட்டது. எளிய பேச்சு காப்பியக் கோலம் பூண்டதில் சில இழப்புகளும் பல பேறுகளும் உண்டு. எனினும் இரண்டிற்கும் ஊற்று ஒன்றே: பெட்போர்டின் ஒரு வாசலில், வெயிலில் அமர்ந்து, கேட்பவர் யார் என்று பாராமல் உள்ளதை உள்ளவாறு பேசிய மூன்று நான்கு பெண்கள். அவர்கள் பெயர் எந்த இலக்கிய வரலாற்றிலும் இடம்பெறவில்லை. கவிஞர் கூடும் இடங்கள் பெரியனவாக இருக்கவேண்டும் என்பதில்லை. அங்கே பேசப்படுவது உண்மையாக இருந்தால், அதைக் கேட்டு எடுத்துச் செல்ல வழியே போகும் ஒருவர் எப்படியும் வருவார்.